முள்ளுக்கு ஹாஜர்

அடுப்புப் பெட்டியின் சூடு காட்டும் முள் மறுபடியும் துள்ளியது. நூற்றைம்பதிலிருந்து ஒரே தாவலில் இருநூறு! சூடு அதிகமாகிவிட்டதென்று நினைத்துப் பெட்டி தானாகவே சூட்டை நிறுத்திக்கொண்டது.

"போச்சு! இந்தத் தட்டும் பன்னு மாதிரி மெத்துன்னு இருக்கு" என்று தலையில் கைவைத்தார் சரளா.

பெங்களூரு அல்சூரில் அவர் நடத்திய சின்ன ரஸ்க் பட்டறையில், ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து மூன்று நாளாக இதே கூத்துதான். நாளைக் காலை ஒரு பெரிய கடைக்கு நானூறு பாக்கெட் போக வேண்டும். அந்தக் கடையின் முதல் ஆர்டர் அது. மெத்தென்ற ரஸ்க்கை அனுப்பினால் அதுவே கடைசி ஆர்டரும் ஆகிவிடும்.

மெக்கானிக் தியோடர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "சென்சார் அவுட்டு சரளாக்கா. சூட்டை அளந்து சொல்றதே அதுதான். புதுசு வர பத்து நாளாகும். பேஜாருதான்."

அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்துப் பதினோரு வயது சிந்துவுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் முள் நிற்கப் போகிறதா என்ன? நோட்டும் பென்சிலுமாகப் பெட்டி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன புட்டி, ஹோம்வொர்க்கா?" என்று கன்னடத்தில் குட்டிப் பெண்ணைக் கொஞ்சுவது போலச் சிரித்தார் தியோடர்.

"இல்ல அங்கிள். கிளாஸ்ல டீச்சர் எடுக்கிற மாதிரி முள்ளுக்கு ஹாஜர் எடுக்கிறேன்."

அரை நிமிடத்துக்கு ஒரு தடவை முள் காட்டிய எண்ணை எழுதினாள். கால் மரத்துப் போயிற்று. எழுந்திருக்கவில்லை. பக்கம் நிறைந்ததும் கத்தினாள்.

"அங்கிள்! மாவு பிசையற மெஷின் ஓடுறப்ப மட்டும்தான் முள் ஆடுது. மெஷின் நின்னா சமர்த்தா நிக்குது. சென்சார் கெட்டிருந்தா எப்பவும் ஆடணும் இல்ல?"

தியோடரின் சிரிப்பு நின்றது. மெயினை அணைத்துவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தார். சென்சாரின் மெல்லிய வயரும் மாவு மெஷினின் தடித்த வயரும் ஜடை போலப் பின்னிக் கிடந்தன. மஞ்சள் ரிப்பன் கட்டி, குங்குமப் பொட்டு வேறு!

அந்த ரிப்பன் சிந்துவுடையது. பூஜைக்குப் பட்டறையைத் துடைத்தபோது, தொங்கிய வயர்களை அழகாகச் சேர்த்துக் கட்டியவள் அவளேதான். சொல்லாமல் இருந்துவிடலாமா? ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது.

"நான்தாம்மா கட்டினேன்" என்றாள்.

அம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "பொட்டு மட்டும் நேரா வெச்சிருக்கே."

"தடி வயர் ஒட்டிப் போனா, சென்சார் சொல்ற சேதியில மெஷினோட இரைச்சலும் கலந்துடும்" என்றார் தியோடர். "சந்தையில நின்னு ரகசியம் பேசற மாதிரி."

"அப்ப ரெண்டையும் தள்ளி வைப்போம்!"

சிந்துவே முடிச்சை அவிழ்த்தாள். சென்சார் வயரை எதிர்ச் சுவரோரமாகக் கொண்டுபோனார்கள். மிச்சம் மீதி நடுக்கத்தை விழுங்கட்டும் என்று, மிட்டாய் அளவில் ஒரு கெப்பாசிட்டரையும் இணைத்தார் தியோடர்.

மெயின் வந்தது. மாவு மெஷின் 'கடகட'வென்று ஓடியது. சிந்து மறுபடி நோட்டை எடுத்தாள். நூற்றைம்பது. நூற்றைம்பது. நூற்றைம்பத்தொன்று. நூற்றைம்பது.

முதல் தட்டு வெளியே வந்ததும், ஒரு ரஸ்க்கை ஊதி ஆற்றி மகளிடம் நீட்டினார் அம்மா. சிந்து கடித்த கடி, மாவு மெஷின் இரைச்சலையும் தாண்டி வாசல்வரை கேட்டது.