ஒரே வேர்

மரபணுப் பொருத்தம் பார்க்கும் வேர்காட்டி இயந்திரம் கோமதியின் பெயரைச் சொன்னதும் இசக்கிராஜன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாநிலத்தில் வேறு யாருமே இல்லையா என்று மருத்துவரிடம் இரண்டு தடவை கேட்டார். "இல்லை" என்றது இயந்திரம்.

அவருக்கு சொரியாசிஸ், முழங்கையிலும் முதுகிலும் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. கோமதிக்கு முடக்குவாதம், விரல் மூட்டுகள் வீங்கி, தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. உடலின் காவல் அணுக்கள் சொந்த உடலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வரும் இந்த நோய்கள், ஒரே மரபணு வேரில் கிளைத்தவை. வேர் ஒன்றாகவும் நோய் வேறாகவும் இருவர் அமைந்துவிட்டால், ஒருவரின் அணுக்களைப் பழக்கி மற்றவருக்கு ஏற்றி அந்தச் சண்டையை அடக்கிவிடலாம். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் இப்படித்தான் குணமாகியிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், கோமதி அவருடைய முன்னாள் மனைவி. குழம்புக்குப் புளி கரைப்பதிலிருந்து மகளின் படிப்புவரை எதிலும் ஒத்துப்போகாமல் பிரிந்தவர்கள்.

சொறிந்து சொறிந்து தூக்கம் தொலைந்த பின், வெட்கத்தை விட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "நாம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு ஒரு மிஷின் வந்து சொல்ல வேண்டியிருக்கு" என்று செருப்பை மாட்டினாள்.

மாதந்தோறும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் படுத்து அணுக்களை மாற்றிக்கொண்டார்கள். பேச்சு நோயில் தொடங்கி, மகளிடம் போய், சிரிப்பில் வந்து நின்றது. அவர் தோல் தெளிந்தது. ஒருநாள் கோமதி தன் கையாலேயே ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினாள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் அன்றே கேட்டுவிட்டார். இதைக் கேட்க இத்தனை நாளா என்றாள் அவள்.

பதிவு அலுவலகத்தில் கைரேகைகளை வைத்துப் பதிவேட்டைப் பார்த்த பதிவாளர் நெளிந்தார். அணு வியாபாரத்தைத் தடுக்க, உடன்பிறந்தவர்கள் மட்டுமே அணுக்களைப் பரிமாறலாம் என்று அரசு சட்டம் போட்டிருந்தது. சிகிச்சை நின்றுவிடாமலிருக்க, பரிமாறிக்கொண்ட எல்லோரையும் உடன்பிறந்தவர்கள் என்று அறிவித்தும் இருந்தது.

"சட்டப்படி நீங்க அண்ணன் தங்கச்சி. வேணும்னா அந்த உறவை ரத்து பண்ணலாம். ஆனா அணுக்களைத் திருப்பிக் குடுத்துரணும்."

கொடுத்தால் நோய் திரும்பும். இசக்கிராஜனின் கை தானாக முழங்கையைத் தடவியது.

"யோசிக்கியளோ?" என்றாள் கோமதி.

"நீ யோசிக்கலையா?"

அவள் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்."