பெயர் கேட்காத மூச்சு

செங்குடியில் யாரும் எழுந்தவுடன் காப்பியைத் தேடுவதில்லை. நுரையீரலுக்குப் புது மென்பொருள் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

செவ்வாயில் குடியேறிய ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் ‘மூச்சகம்’ என்ற சிறு கருவி இருந்தது. குடியிருப்பை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே வந்துவிடும் செம்புழுதியை வடிகட்டி, மூச்சை இயக்கியது அதுதான். கருவியைச் செய்த பூமி நிறுவனம் அதற்கான மென்பொருளை இலவசமாகவே தந்தது. பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும். பெயர், தாயின் பெயர், கல்யாண நாள், பிடித்த நிறம் எல்லாம் கொடுத்தால் பூமியிலிருந்து ஓர் உறுதி எண் வரும். அதைத் திருப்பி அனுப்பினால் மென்பொருள் இறங்கும்.

அந்த ஆண்டு பூமியும் செவ்வாயும் சூரியனுக்கு ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. உறுதி எண்ணின் ஆயுள் பத்து நிமிடம். அது செங்குடிக்கு வந்து சேரவே இருபது நிமிடம் ஆனது. யார் முயன்றாலும் செத்துப்போன எண்தான் கையில் கிடைத்தது.

அந்த நேரம் பார்த்துத் தெற்கே ஒரு புயல் கிளம்பியது. அதற்கு முன்னால் வந்து சேர்ந்த புழுதி மாவைவிட நுண்மையானது. பழைய மென்பொருளுக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. வெளியே பனிக்கட்டி வெட்டப் போயிருந்த இன்னாசி முதல் ஆளாக இருமிக்கொண்டு வந்தான். அவன் மனைவி ஜெபமணி செங்குடியின் பொறியாளர். அவள் நிலைமையை விளக்கி நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பினாள். முறையிடுவதற்கு முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பதில் வந்தது.

அவள் வேறெதுவும் அனுப்பவில்லை. தானே எழுத உட்கார்ந்தாள். இன்னாசியின் இருமல் பக்கத்து அறையிலிருந்து கேட்கக் கேட்க வேகமாக எழுதினாள். எழுதி முடித்ததைத் தன் மார்பில்தான் முதலில் ஏற்றிக்கொள்வேன் என்றாள். அவன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான்.

“உங்களுக்கு ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா சரிசெய்ய நான் இருக்கணும். எனக்கு ஆச்சுன்னா நீங்க பழசைத் திருப்பிப் போட்டா போதும். இந்தப் பொத்தான்தான்” என்றாள்.

பழைய மென்பொருள் நின்றது. மூச்சும் நின்றது. இன்னாசி பொத்தான்மேல் விரலை வைத்தான். அழுத்தப் போன கணத்தில் அவள் மார்பு விம்மி ஏறியது. குழாய்த் தண்ணீர் மாதிரி தங்குதடையில்லாத மூச்சு. இருவரும் அழுதார்கள். அன்றே அவனுக்கும் ஏற்றினாள், இருமல் நின்றது.

செங்குடியின் வலையில் அதைத் திறந்து வைத்தாள். பெயர் வேண்டாம், எண் வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தாள்.

ஒருவரும் எடுக்கவில்லை.

உணவுக்கூடம் நடத்தும் லியோன் அண்ணாச்சியிடம் காரணம் கேட்டாள். அவர் இருமி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தப்பா நெனைக்காத தாயி. பேரு ஊருகூட கேக்காம ஒருத்தர் சும்மா குடுக்காவன்னா அதுல என்னமோ இருக்கும்லா?”

ஜெபமணிக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தாள். இன்னாசி பொறுமையாகக் கேட்டான்.

“அப்ப நீயும் பேரு ஊரு கேளு மணி. நல்லா நீளமா கேளு” என்றான்.

கேட்டாள். பதிவுப் படிவத்தில் தாயின் பெயர், அப்பா பிறந்த ஊர், முதல் காதல், குழம்பில் எவ்வளவு புளி வேண்டும் என்பது வரை கேட்டாள். பதில்கள் எங்கும் சேமிக்கப்படவில்லை, எழுதியதும் அழிந்துவிடும். சாயங்காலத்துக்குள் செங்குடி முழுவதும் பதிவு செய்து மென்பொருளை இறக்கிக்கொண்டது. லியோன் அண்ணாச்சி முதல் காதலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார்.

புயல் வந்தது. வானம் இருண்டது, சுவர்கள் அதிர்ந்தன, காற்றே சிவப்பானது. செங்குடி சீராக மூச்சு விட்டது. கைக்குழந்தைகள்கூடத் தூங்கின. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

வானம் தெளிந்த அன்று உணவுக்கூடத்தில் விருந்து. ஜெபமணியைத் தோளில் தூக்கிச் சுற்றி வந்தார்கள். மனிதரின் மூச்சை இனி எந்த நிறுவனமும் பூட்டி வைக்க முடியாது என்று யாரோ முழங்க, கூரை அதிரக் கைதட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் அவள் உண்மையைச் சொன்னாள். அவர்கள் எழுதிய எதையும் தான் படிக்கவில்லை, வைத்திருக்கவும் இல்லை, எல்லாம் அப்போதே அழிந்துவிட்டது என்றாள்.

கைதட்டல் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லியோன் அண்ணாச்சிதான் கவலையோடு முன்னால் வந்தார்.

“அப்ப நாங்க பதிஞ்சது செல்லாதா தாயி? இப்ப திரும்ப எழுதித் தந்தா சேத்துக்கிடுவியா?”

அவருக்குப் பின்னால் அதற்குள் வரிசை நின்றுவிட்டிருந்தது.