விரிசலைக் காணோம்

"சீர்செய்யக் குடுத்ததை எடுத்துக்கிட்டுப் போலிய நான் மாத்தி வச்சிட்டேன்னு சொல்றாங்க ஐயா. நாலு மணிக்கு போலீஸாம்."

வந்தவள் பழைய சிற்பங்களைச் சீர்செய்கிறவள். நின்ற இடத்தில் நிற்கவில்லை. துப்பறிகிறவரின் மைத்துனன் அவள் பின்னாலேயே நாற்காலியை நகர்த்தி அலுத்துப்போனான்.

பொருள் கட்டைவிரல் உயரப் பொம்மை. மூட்டை சுமக்கும் ஆள். ஒருவகைப் பனங்கொட்டை காய்ந்தால் தந்தம்போல வெளுத்து இறுகும். அதில் பட்டன் அறுப்பார்கள். பட்டன் ஆலையில் கழித்துப்போட்ட கொட்டையில், சாப்பாட்டு நேரத்தில் எவனோ ஒரு கூலியாள் செதுக்கியது. வயிற்றில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இப்ப விரிசலே இல்லையாம். எடை ரெண்டு கிராம் கூடுதலாம். பெட்டிக் குழியில உட்காரலையாம். என்னைத் தொடவே விடல."

"மூணு சாட்சி! மாத்தினதேதான் மாமா."

"வாய மூடிக்கிட்டு வண்டிய எடு மாப்ள."

சேகரிப்புக் கூடத்தில் முதலாளியம்மா கடிகாரத்தையே பார்த்திருந்தார். மேனேஜர் பொம்மையை நீட்டினார். துப்பறிகிறவர் அதைக் கவிழ்த்தார். பாதத்தடியில் கொட்டையின் பழுப்புத் தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பெட்டியோடு வைத்திருந்த பழைய புகைப்படத்தில் இருந்த அதே கோணல்மாணல்.

"அதெல்லாம் வர்ணம் அடிச்சிடலாம்," என்றார் மேனேஜர்.

மைத்துனன் மேனேஜர் மேசையிலிருந்த டம்ளரை மோந்தான். "டீக்கறை இருக்கு, டீ வாசம் இல்ல. சோப்பு வாசம்!"

துப்பறிகிறவர் அவளிடம் திரும்பினார். "கொட்டை தண்ணியில ஊறினா?"

"தண்ணி குடிச்சு உப்பும்..." அவள் நின்றாள். வந்ததிலிருந்து முதல்முறையாக. "உப்பினா எடை ஏறும். குழியில நுழையாது. விரிசலும் மூடிக்கும்."

"அப்ப ஹீட்டர்ல வைங்க," என்றார் மேனேஜர். "பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

பொம்மையை வாங்கிக்கொண்டு ஹீட்டர் பக்கம் போன மேனேஜரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "வெடிச்சிடும்! போலீஸே வரட்டும், இதைச் சூடு காட்டாதீங்க!"

"அம்மா, மாத்தி வச்சவளா இருந்தா இந்தப் போலி வெடிக்கட்டும்னு விட்டிருப்பா," என்றார் துப்பறிகிறவர் முதலாளியம்மாவிடம். "மேனேஜர் இதை எலும்புன்னு நினைச்சிட்டார். எலும்பைக் கழுவுற மாதிரி டம்ளர்ல ஊறப்போட்டிருக்கார். அழுக்கு போச்சு, கூடவே விரிசலும் போச்சு. பயந்துபோய்ப் பழியை இவ தலையில கட்டிட்டார்."

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். "விலைக்கு வாங்க வர்றவங்க முன்னாடி பளிச்சுனு இருக்கட்டும்னுதான்..."

முதலாளியம்மா அவரைப் பார்க்கவில்லை. "ஒரு வாரம் தர்றேன். விரிசல் வந்தாத்தான் நம்புவேன்."

நாலு மணி கடந்தது. மூடிய பெட்டியில், பொம்மை மெல்ல மெல்ல உலர்ந்தது. அவள் தினமும் எடை பார்த்தாள். பார்த்துவிட்டு நகத்தைக் கடித்தாள். ஆறாம் நாள் தொலைபேசி ஒலித்தது. மைத்துனன் எடுத்தான். மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று புரியவில்லை.

"விட்டிருச்சு! அதே இடத்துல விட்டிருச்சு!"

"அக்கா," என்றான் அவன், "பொருள்ல விரிசல் விட்டதுக்கு இப்படிக் குதிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."