மூன்றாவது வரி

“கண்ணாடிய ஆட்டாதடா தேவா!” என்று கத்திக்கொண்டே எஸ்தர் இடுக்கியைக் காதுக்குப் பின்னால் இன்னும் ஆழமாக நுழைத்தாள். ரத்தம் கழுத்தில் இறங்கியது.

“வேணாம் எஸ்தர். ஒரு தடவதான் கழட்டலாம். மறுபடி மாட்டுனா நரம்போட ஒட்டிக்கும். செத்தாத்தான் வரும்” என்றான் கிட்டார்காரன் தேவசகாயம்.

“மாட்டுனாத்தான?”

வாசலில் இசைத்தட்டு ஆலையின் வண்டி ஹாரன் அடித்தது. அவள் காதில் அது புல்லாங்குழலாக விழுந்தது. காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் கடுகளவு செவியிசைவியின் வேலை அது. பாட்டோ, திட்டோ, அழுகையோ, சொல்லை விட்டுவிட்டுத் தொனியை மட்டும் அவரவருக்குப் பிடித்தபடி இனிப்பாக்கித் தரும். அது இல்லாத காது பெரம்பூரில் கிடையாது. ஒரே பாட்டை இரண்டு பேர் ஒரே மாதிரி கேட்டுப் பல வருஷமாகிவிட்டது.

அப்படிப்பட்ட ஊரில்தான் எஸ்தரின் ‘ஓட்டை சைலன்சர்’ என்ற பங்க் ராக் இசைக்குழு தொண்டை கிழியக் கத்தி, ஒவ்வொரு பாட்டாக வெளியிட்டு வந்தது. அத்தனையும், பிறர் பாட்டுகளைத் தங்கள் பாணியில் பாடியவையும் சேர்ந்து இன்று ஒரே தட்டாக அச்சாகப் போகின்றன. காலையில் ஒரு ரசிகை வழிமறித்து, “அக்கா, உங்க பாட்டு போட்டாத்தான் எம் பாப்பா தூங்குது!” என்றாள். எஸ்தர் நேராக இடுக்கி வாங்கப் போய்விட்டாள்.

செவியிசைவி இடுக்கியோடு வெளியே வந்தது. ஹாரன் ரம்பமாக அறுத்தது.

“கடைசிப் பாட்டப் போடு.”

யாரோ எப்போதோ பாடிய பழைய பாட்டு அது. ‘கதவத் தொற... மழ வருது... நான் இன்னும் வெளியதான் நிக்கிறேன்...’

கிட்டார் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. தேவா தன் காதில் விழுந்த வேறொரு பாட்டுக்கு வாசித்திருக்கிறான்.

“சூப்பரா இருக்குல்ல?” என்று தலையாட்டினான் அவன்.

டிரம்ஸ் மட்டும் அவளோடு வந்தது. அவள் தடுமாறிய இடத்தில் அதுவும் தயங்கியது. மூன்றாவது வரியில் அவள் குரல் உடைந்தது. அந்த இடத்தில் டிரம்ஸ் மூச்சைப் பிடித்து, அவளுக்கு வழிவிட்டு நின்றது.



போன வருஷம் இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்ஸ்காரன் முபாரக் சொன்னதும் இதைத்தான்: “மூணாவது வரில நீ உடையுற. அதான் பாட்டே.” அன்று அவள் திரும்பப் போட்டுக் கேட்டாள். வழவழவென்று இருந்தது. பொறாமைக்காரன் என்று திட்டி, குழுவை விட்டே துரத்தினாள்.

அப்போது அவன் காதில் செவியிசைவி இருந்திருக்கவே இல்லை!

போனில் அவனை அழைத்தாள். “முபாரக்... எப்பக் கழட்டுன?”

“மொதப் பாட்டுக்கு முன்னாடியே.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னேனே. பொய்யின்னியே.”

“நானும் கழட்டிட்டேன். கேளு...” மூன்றாவது வரியைப் பாடினாள். பாதியிலேயே விம்மல் வெடித்தது. கண்ணாடியைக் கீழே வைத்த தேவா, ரசித்துப் புன்னகைத்தான்.



“நீ தொரத்துன அன்னிக்கே திரும்ப மாட்டிக்கிட்டேன், எஸ்தர்” என்றான் முபாரக். “ஊர்ல ஒத்த ஆளா கேட்டுக்கிட்டு இருக்க முடியல.”

“இப்ப... எப்படிக் கேட்டுச்சு?”

“தேனா இருந்துச்சு. எங்கயும் உடையவே இல்ல.”