தக்கையில் ஏழு கோடுகள்

நெடுங்குகையில் காலைத் தேநீரோடு ஒரு தலைவலி மாத்திரையும் சேர்ந்தே வரும். சுவரில் இருக்கும் சின்னக் கதவு திறந்து கோப்பை வெளியே நகரும். தட்டில், பிஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக அது இருக்கும். வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தலை என்று ஒன்று இருந்தால் காலையில் வலிக்கத்தான் செய்யும் என்பது அங்கே பிறந்தவர்களின் எண்ணம். மதியம் சாப்பிட்டதும் ஊரே படுத்துவிடும். அந்தத் தூக்கத்துக்கான நேரத்தை நிர்வாக சபை வருடா வருடம் நீட்டிக்கொண்டே வந்தது. சபை செய்த காரியங்களில் ஜனங்கள் ஒருமனதாகப் பாராட்டியது அது ஒன்றைத்தான்.

நிலவின் தரைக்கு அடியில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன நீளமான குகை அது. இரண்டு முனைகளையும் அடைத்து, உள்ளே காற்றை நிரப்பி, நாலாயிரம் பேர் குடியிருந்தார்கள். அவர்கள் விட்ட மூச்சை வளிநிலையம் உறிஞ்சி, கரியமில வாயுவை வடித்தெடுத்துவிட்டு, மறுபடி தெருவுக்கு அனுப்பும். தெருமுனைகளில் வளிமானிகள் பச்சை விளக்கோடு 'சுத்தம்' என்று காட்டிக்கொண்டிருக்கும். எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் ஒரு செவிச்சில்லு பதிக்கப்பட்டிருந்தது. அது இரைச்சலை வடிகட்டும், கதவுகளுக்கு ஆளை அடையாளம் சொல்லும், பாட்டுப் போடும். பாட்டுப் பிடித்திருந்தால் மணிக்கட்டை இரண்டு முறை தட்ட வேண்டும். பாடியவருக்கு ஓர் இதயம் போய்ச் சேரும்.

அந்த ஊரிலேயே அதிக இதயங்கள் வாங்கியவள் பிலோமினா. ஜாஸ் பாடுவாள், சாக்ஸபோனும் ஊதுவாள். ஒரே வாயால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதல்லவா? அதனால் ஆல்பம் போடும்போது முதலில் பாடிப் பதிவு செய்வாள். பிறகு அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே, குரல் விட்ட இடங்களிலும் குரலுக்கு அடியிலும் சாக்ஸபோனை இழைப்பாள். கேட்கிறவர்களுக்கு அக்காளும் தங்கையும் பேசிக்கொள்வதுபோல இருக்கும். 'நிலாத் தூசி', 'அசையாத பூமி' என்று இதுவரை ஏழு ஆல்பங்கள் வந்திருந்தன. பக்கவாத்தியம் குண்டன் என்ற எந்திரம், மூன்று கால்களும் பானை வயிறுமாக நின்று அடிக்குரலில் பேஸ் வாசிக்கும். அதன் சுருதி படிகத்தில் பூட்டப்பட்டது. பிரளயம் வந்தாலும் பிசகாது.

எட்டாவது ஆல்பத்துக்காகப் பாடி முடித்து, சாக்ஸபோனை எடுத்து ஊதிய முதல் வரியிலேயே பிலோமினா முகத்தைச் சுளித்தாள். சேரவில்லை. குரலும் பேஸும் ஒரு பக்கம் நிற்க, சாக்ஸபோன் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி நின்றது.

சாக்ஸபோனின் கழுத்தில் ஒரு தக்கை சுற்றியிருக்கும். வாயில் வைக்கும் ஊதுமுனையை அந்தத் தக்கைமேல் உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். அவள் தள்ளப் பார்த்தாள். இனித் தள்ள இடமில்லை. ஊதுமுனையைக் கழற்றித் தக்கையைப் பார்த்தாள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் சுருதி சேர்ந்த இடத்தில் மையால் ஒரு கோடு போட்டுவைப்பது அவள் வழக்கம். ஏழு கோடுகளும் வரிசையாக உள்ளே உள்ளே போய், ஏழாவது தக்கை முடியும் விளிம்பை ஒட்டி நின்றது; அதிலேயே சுருதி ஓர் இழை சேராமல்தான் இருந்தது. இத்தனை வருடமும் இதைத் தன் கையால்தான் போட்டிருக்கிறாள், ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"குண்டா, தப்பு யார் மேல?"

"நான் மாறவில்லை. உங்கள் குரலும் மாறவில்லை. சாக்ஸபோன் மட்டும் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் இறங்கி வந்திருக்கிறது" என்றது குண்டன்.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீங்கள் கேட்கவில்லை."

கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் ரெஜிஸ் கண்ணைத் திறக்காமலே, "பழசாயிருச்சு பிலோ. இல்லாட்டி குளிரா இருக்கும்" என்றார். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் மனிதர். பேசி முடித்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் வயசு என்று சொல்லியிருந்தார். ரெஜிஸுக்கு அப்படியொன்றும் வயசாகிவிடவில்லை.

குளிர் இல்லை; சுவரிலிருந்த வெப்பமானி எப்போதும் காட்டும் அளவையே காட்டியது. பித்தளை பழசானால் ஓட்டை விழும், சுருதி இப்படி ஒழுங்காகப் படிப்படியாக இறங்காது. பிலோமினா சாக்ஸபோனை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். குரல் தசையில் பிறக்கிறது. தேவைப்பட்டால் அவள் இறுக்கிக்கொள்வாள். சாக்ஸபோனில் நிஜமாகப் பாடுவது உள்ளே நிற்கும் காற்று. காற்று கனத்தால் அதில் ஒலி மெதுவாகப் போகும், சுருதி இறங்கும். கரியமில வாயு நல்ல காற்றைவிடக் கனமானது. இது பள்ளிக்கூடப் பாடம்.

தெருக்கோடியில் ஓர் ஆபத்து அறை உண்டு. வளிநிலையம் திடீரென நின்றுவிட்டால் ஊர் ஜனம் ஓடி ஒளிவதற்காக, முதலில் குடியேறியவர்கள் பூமியின் காற்றை உருளைகளில் அடைத்து அங்கே வைத்திருந்தார்கள். யாரும் போவதில்லை. பிலோமினா குண்டனையும் அழைத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, ஓர் உருளையைத் திறந்து அறையில் அந்தக் காற்றை நிரப்பினாள். ஊதுமுனையை முதல் கோட்டில் வைத்து ஊதினாள். குண்டனின் பேஸோடு அது இம்மி பிசகாமல் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் ஊதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். வலி இல்லை. வலி இல்லாத தலை எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

"இப்படியே போனா எத்தனை நாளுக்குத் தாங்கும்?"

"உங்கள் ஆல்பங்களை வைத்துக் கணக்கிட்டால், ஒன்பதாவதைக் கேட்க ஆட்கள் இருப்பார்கள். பத்தாவதைப் பற்றி உறுதி சொல்ல முடியாது" என்றது குண்டன். நெஞ்சு பலவீனமானவர்கள் ஒன்பதாவதையே கேட்கமாட்டார்கள் என்பதை அது சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் போய் நின்றது வளி அதிகாரி ஆவுடையப்பனின் அறையில். மனிதர் அவளுடைய பரம ரசிகர். நாற்காலிக்குப் பின்னால் ஏழு ஆல்பங்களின் அட்டைப் படங்களும் வரிசையாகத் தொங்கின. அவள் தக்கையைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

"அதான் பாத்தேன்" என்றார் கடைசியில், கண் கலங்க. "ஏழாவது ஆல்பத்துல ஒரு சோகம் இருக்கும்மா. குரல் ஒரு பக்கம், சாக்ஸபோன் ஒரு பக்கம், சேர முடியாம தவிக்கிற மாதிரி. தெனம் அதைக் கேட்டுட்டுத்தான் நான் தூங்குறேன்."

"அது சோகம் இல்ல சார். காத்து."

"ஆனா மீட்டர் பச்சையாத்தானே காட்டுது?"

"மீட்டர் எதை வச்சு சுத்தம்னு சொல்லுது?"

அவர் உற்சாகமாக விளக்கினார். வளிமானி தன்னைத்தானே திருத்திக்கொள்ளுமாம். ஒரு வாரத்தில் அதற்குக் கிடைத்த காற்றில் இருப்பதற்குள் எது நல்ல காற்றோ, அதையே சுத்தக் காற்று என்று வைத்துக்கொண்டு அடுத்த வாரத்தை அளக்கும். பூமிக்காகச் செய்த கருவி. அங்கே யாராவது எப்போதாவது ஜன்னலைத் திறப்பார்கள், நிஜமான நல்ல காற்று அதற்குக் கிடைத்துவிடும். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். நெடுங்குகையில் ஜன்னல் கிடையாது.

ஆவுடையப்பன் கெட்டவர் அல்ல, பயந்தவர். "வளிநிலையத்து வடிகட்டியைப் பிரிச்சு மாத்தணும்னா ஊரே பல மாசம் முகமூடி போட்டுக்கிட்டு, ஒரே கூடத்துல அடைஞ்சு கெடக்கணும். மதியத் தூக்கம் கெடையாது. நான் கேட்டா சபை ஒத்துக்காது. ஜனங்க கேட்டா மறுக்க முடியாது. நீங்க சொன்னா ஜனங்க கேப்பாங்கம்மா. எட்டாவது ஆல்பத்துலயே சொல்லிருங்க."

சொன்னாள். எந்தப் பூச்சும் இல்லாமல், சாக்ஸபோன் இறங்கியிருந்தபடியே எட்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்தாள். முதல் பாட்டுக்கு முன்னால் தன் குரலில் பேசினாள்: "இதுல குரலுக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவுல ஒரு இடைவெளி கேக்கும். அது நீங்களும் நானும் மூச்சு விடுற காத்து. அது கெட்டுப்போச்சு. தலைவலி அதனாலதான், தூக்கமும் அதனாலதான். ஆபத்து அறையில ஒரு உருளையைத் திறந்து ஊதிப் பாத்தேன், சுருதி சேந்துச்சு. தயவுசெஞ்சு எல்லாரும் வளிநிலையத்துக்கு வாங்க. வடிகட்டியை மாத்தச் சொல்லிக் கேப்போம்."

ஆல்பத்துக்கு 'இருபது' என்று பெயர் வைத்தாள். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் இருபது பங்கு, குண்டன் அளந்து சொன்ன இடைவெளி அது.

நெடுங்குகை அப்படியொரு வரவேற்பை எந்த ஆல்பத்துக்கும் கொடுத்ததில்லை. நாலாயிரம் பேரும் மணிக்கட்டைத் தட்டினார்கள். கேட்டவர்கள் கேட்காதவர்களுக்கு அனுப்பினார்கள். கேட்காதவர்கள் கேட்காமலே மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். 'நூற்றுக்கு நூறு உண்மை' என்றார்கள். 'எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டியது' என்றார்கள். முன்னுரையை மட்டும் தனியாக வெட்டி, நடனத்துக்கு ஏற்ற தாளம் சேர்த்து ஒரு கோஷ்டி வெளியிட்டது. அதற்கும் இதயங்கள் குவிந்தன. வளிநிலைய வாசலில் பிலோமினா ரெஜிஸின் கையைப் பிடித்துக்கொண்டு காலை முதல் நின்றாள். வந்தவர்கள் நாலைந்து பேர். அவளோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் வேறோர் இடத்தில் இருந்தது. ஆபத்து அறைக்கு முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு வரிசை நின்றது. குடும்பம் குடும்பமாக உள்ளே போய், உருளையைத் திறந்து, பூமிக் காற்றை முகத்தில் வாங்கி, கண்ணை மூடிப் புன்னகைத்து, 'பிலோமினாவின் காற்று' என்று எழுதிப் படத்தைப் போட்டார்கள். சேதி கேட்டு அவள் ஓடிப்போய் நின்றபோது கடைசி உருளை சீறி அடங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, தீந்துபோச்சா?" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் அவளிடமே குறைப்பட்டுக்கொண்டாள். "நாங்க சனிக்கிழமைதான் வரலாம்னு இருந்தோம். இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தும் கெடைக்கல பாருங்க."

சில நாள் கழித்து ஆவுடையப்பன் அவள் வீட்டுக்கே வந்தார். கையில் மாலை, முகமெல்லாம் சிரிப்பு.

"சபை ஏத்துக்கிச்சும்மா! ஜனங்க மனசு எவ்வளவு வேதனைப்படுதுன்னு புரிஞ்சுகிட்டாங்க. அந்த இடைவெளியைக் கேட்டுப் பல பேருக்கு ராத்திரி தூக்கமே வரலையாம். உடனே சரி பண்ணிட்டோம்."

"வடிகட்டியையா?"

"இல்லம்மா, செவிச்சில்லைத்தான். இன்னைக்குக் காலையில புது நிரல் ஏத்தியாச்சு. இனிமே எந்தச் சுருதியும் இறங்கிக் கேக்காது. இந்தத் திருத்தத்துல கலைஞர்கள் காதுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு குடுக்கலாம்னு முதல்ல நெனச்சோம், அப்புறம் அதையும் எடுத்தாச்சு. ஊரே நிம்மதியா இருக்கும்போது நீங்க மட்டும் எதுக்குக் கஷ்டப்படணும்?"

பிலோமினா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

"குண்டா, இடைவெளி எவ்வளவு?"

"பூஜ்யம்" என்றது குண்டன். அதற்கும் ஏற்றியிருந்தார்கள்.

அவள் சாக்ஸபோனை எடுத்தாள். ஊதுமுனை தக்கையின் எந்தக் கோட்டில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. ஊதினாள். சாக்ஸபோனும் பேஸும் தேனும் பாலுமாகக் கலந்தன. இத்தனை வருடமாக அவள் தேடிய சுருதி அது. ஒரு கணம் அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளை நடுங்கவைத்தது.

'அசையாத பூமி'யில் ஒரு நீண்ட வரி உண்டு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஊதிவிடுவாள். இப்போது பாதிக்கு மேல் முடியவில்லை, நெஞ்சு அடைத்தது. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சுக்குத் தவித்தாள்.

பாட்டு நிற்கவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து அந்த வரி அவள் காதுக்குள் தானாகவே தொடர்ந்தது. அவளுடைய சாக்ஸபோன், அவளுடைய நடை, அட்சரம் பிசகாமல். புது நிரல் குறையை மட்டும் திருத்துவதில்லை, குறைந்ததை நிரப்பவும் செய்யும் என்று ஆவுடையப்பன் சொல்ல மறந்திருந்தார்.

"ரெஜிஸ்!" என்று கத்தினாள். "என்னங்க, கேக்குதா? நான் ஊதலங்க! நான் ஊதல!"

கட்டிலில் ரெஜிஸ் அசையவில்லை. அவரிடமிருந்து சீரான, சுகமான மூச்சொலி அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் அவர் மார்பில் கையை வைத்தாள். மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பின்னால் ஆவுடையப்பன் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். வரி முடிந்ததும் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினார்.