மண்ணுக்கடியில் ஓடும் ரயிலின் கார்டு

மைமூனின் அத்தா லண்டனிலிருந்து ஒரு மாத லீவில் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தார். அவர் கப்பலேறியபோது தம்பி காசிம் பிறக்கவே இல்லை. அதனால் நாலு வயதுக் காசிமுக்குப் பெற்ற தகப்பனே வெறும் 'அந்த ஆளு'.

"அந்த ஆளு எப்பப் போவாரு?" என்று அவர் காதுபடவே கேட்டான். அவர் கொடுத்த மிட்டாயை மட்டும் பிடுங்கிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான்.

அத்தா சிரித்துச் சமாளித்தார். லீவில் பாதி போய்விட்டது. மைமூனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது?

"அங்க உங்களுக்கு என்ன வேலை அத்தா?"

"ரயில்ல கார்டு. ஊருக்கு அடியில, மண்ணுக்குள்ள ஓடுற ரயில். ஒண்ணு போனா ரெண்டு நிமிஷத்துல அடுத்தது வந்துரும். ஸ்டேஷன் மட்டும் இருநூத்துக்கு மேல. படிக்கட்டே ஆளைத் தூக்கிட்டு நகரும்."

"அம்புட்டுப் பேரு ஏறுவாங்களா?"

"தினமும் லட்சக்கணக்குல ஏறுறாங்க. ஒருத்தர்கூட எம்பேரைக் கேட்டதில்ல."

கதவுக்குப் பின்னால் காசிம் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மைமூன் அதைக் கவனித்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டு, சுற்றிலும் பாய்களைத் தொங்கவிட்டாள். கட்டிலுக்கடியில் கும்மிருட்டு.

"காசிம், நீதான் டிரைவர்."

அவன் உடனே உள்ளே புகுந்துகொண்டான். அத்தாவின் கையில் ஒரு தம்ளரையும் கரண்டியையும் கொடுத்தாள்.

"கார்டு கதவைச் சாத்தி மணி அடிச்சாத்தான் வண்டி கெளம்பணும். அப்படித்தானே அத்தா?"

"ஆமா. மணி அடிக்காம டிரைவர் அசையக் கூடாது."

"அக்கா, மணி அடிக்கச் சொல்லு" என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நீயே கேளு. பேசாம இருந்தா கார்டுக்கு எப்படித் தெரியும்?"

பாயின் ஓரம் விலகி ஒரு கண் எட்டிப் பார்த்தது.

"அத்தா, மணி அடிங்க."

அத்தாவால் கரண்டியைத் தூக்க முடியவில்லை. மைமூன்தான் அவர் கையைப் பிடித்துத் தம்ளரில் தட்டினாள்.

அதன்பின் காசிம் அவரை விட்டு நகரவில்லை. சோறு அவர் மடியில், தூக்கம் அவர் தோளில். லீவு முடிந்தது. ஸ்டேஷனில் அவர் சட்டையைப் பிடித்திருந்த விரல்களை அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவன் அழுகை ஓயவில்லை. சோற்றைத் தட்டிவிட்டான்.

"அவன் பாட்டுக்கு இருந்தான். நீதானே வெளையாட்டுக் காட்டி ஒட்ட வெச்சே" என்று அம்மா மைமூன்மேல் பாய்ந்தாள்.

மைமூன் தம்பியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அழட்டும்மா. போன தடவை நான் ஒருத்தியாத்தானே அழுதேன்."