ஆறு கருப்பு க்ளிப்

"உன் முதுகை யாரும்மா பார்க்கப் போறாங்க?"

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

அன்றுதான் அவளுக்கு முதல் விளம்பரப் படம். குக்கர் கம்பெனியின் அட்டைப் பெட்டிக்காகச் சிரிக்க வேண்டும். சட்டை தொளதொளவென்று இருந்தது. உடை திருத்த வந்த பெண் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே, சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்தாள்.

டக்... டக்... டக்...

கருப்பு இரும்பு க்ளிப்புகள் வரிசையாக ஏறின. முன்பக்கம் அளவெடுத்துத் தைத்தது போல சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

புதுமுகம் கண்ணாடியில் திரும்பித் தன் முதுகைப் பார்த்தாள்.

அந்தக் க்ளிப்புகளை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்!

வீட்டு பீரோவின் அடித்தட்டில், ஒரு காக்கி உறைக்குள், அதே க்ளிப் ஆறு இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய அக்கா ஒரு ஸ்டுடியோவின் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தாள். அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த உறை அது. உள்ளே ஒரு சீட்டு. கைக்கடிகாரம் ஒன்று, தோடு ஒரு ஜோடி, சட்டையின் பின்புறம் இருந்த க்ளிப் ஆறு.

இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஃபேஷன் என்று நினைத்து அம்மா அதை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அக்கா அந்த ஸ்டுடியோவுக்குப் போனது ஒரு சோப்பு விளம்பரத்தின் தேர்வுக்கு. அங்கே உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் ஆன்ட்டி என்று கூப்பிடுவார்கள். போலீஸிடம் அந்த ஆன்ட்டி எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.

'நான்தான் க்ளிப்பை எல்லாம் கழட்டி அனுப்பி வச்சேன். வீட்டுல ஏதோ பிரச்சனை போல. அழுதுக்கிட்டே போச்சு.'

தற்கொலை. ஃபைல் மூடப்பட்டது.

அன்று முதல் அம்மா தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். தட்டில் கை வைத்தபடி, துணி மடித்தபடி...

"நான் அவளை என்னடி சொன்னேன்?"

புதுமுகம் உறையோடு இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் புதிதாக வந்தவர். சீட்டை இரண்டு தரம் படித்தார்.

"அவசரத்துல கழட்டாமலே போயிருக்கலாமேம்மா?"

"சார், முதுகுல க்ளிப்போட எந்தப் பொண்ணும் வெளிய காலெடுத்து வைக்க மாட்டா."

"வக்கீல் ஒரே கேள்வியில உடைச்சிடுவான். அந்தம்மா வாயாலயே உண்மையை வரவை. நான் வர்றேன்."

வரவைக்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

அதன் பிறகு அவள் தொழில் கற்ற வேகம் யாருக்கும் வராது! மேக்கப் இல்லாமல் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், உயரம் சொல்லி ஒரு வீடியோ. பிஸ்கட் காலண்டர், செருப்புக்கடை பலகை, பல் டாக்டரின் நோட்டீஸ். மூன்று எண்ணுவதற்குள் கண்ணீர் வரவழைக்கக்கூடப் பழகினாள். வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் கேமராவுக்காக நின்றார்கள். அவள் இரண்டு கைகளுக்காக நின்றாள்.

எட்டாம் மாதம், அந்தக் கைகள் அவள் முதுகுக்கு வந்தன.

காலை பதினோரு மணி. அதே ஸ்டுடியோ. அதே சோப்பின் புது விளம்பரம். கதை, அக்கா தங்கச்சி பாசம்! தங்கச்சி, நம் புதுமுகம். அக்கா, ஊரெல்லாம் பலகையில் சிரிக்கும் சோப்புப் பொண்ணு. ஆன்ட்டியின் ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன், செத்துப்போனவளின் இடத்துக்கு வந்தவள்.

மகளின் சட்டையை ஆன்ட்டி அப்போதே திருத்தி அனுப்பிவிட்டிருந்தாள். புதுமுகத்தின் காலரில் சவுண்ட்காரர் மைக் மாட்டி, அதன் பெட்டியைச் சட்டைக்குள் இடுப்பில் செருகிவிட்டுப் போயிருந்தார்.

மேக்கப் அறையில் இருவர் மட்டும்.

"சாப்பிடுறியா, இல்ல காத்தைக் குடிச்சே வாழுறியாடி? எலும்புக்கு க்ளிப் போடுற மாதிரி இருக்கு."

"எத்தனை ஆன்ட்டி?"

"ஆறு. மைக் வயரை மறைக்க இன்னொண்ணு. முதுகைக் காட்டாம நில்லு, போதும்."

"எங்க அக்காவுக்கும் ஆறு."

கைகள் நின்றன.

"எந்த அக்கா?"

"இந்த மாடியிலேர்ந்து விழுந்தவ."

ஆன்ட்டி மெல்ல நடந்து போய்க் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள்.

"மூக்கைப் பார்த்ததும் நினைச்சேன்."

"க்ளிப்பைக் கழட்டிட்டேன்னு எழுதிக் கொடுத்தீங்க. ஆறும் அவ முதுகுலதான் இருந்துச்சு."

ஆன்ட்டி சிரித்தாள்.

"ஆறு க்ளிப்பைக் காட்டி என்னை உள்ள தள்ளப் போறியா? போய்ச் சொல்லிப் பாரு."

ஒன்று... இரண்டு... மூன்று.

புதுமுகத்தின் கண்கள் நிரம்பின.

"யார்கிட்டயும் சொல்லலை ஆன்ட்டி. தன்னாலதான் செத்தான்னு எங்கம்மா தினம் தினம் செத்துக்கிட்டிருக்காங்க. அவங்க மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷ பாரம். இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது.

"உங்கம்மா ஒண்ணும் பண்ணலை. நானும் ஒரு அம்மாதான். என் பொண்ணு மூணு வருஷம் வரிசையில நின்னா. உங்க அக்கா மூணு நிமிஷம் நின்னா. கேமராக்காரர் என் காதுல வந்து, இவதான்னு சொல்லிட்டுப் போறார். அவளுக்கே தெரியாது. காத்தாட மாடிக்கு வா, அங்க க்ளிப்பைக் கழட்டுறேன்னு கூட்டிட்டுப் போனேன். திரும்பி நில்லுன்னேன். நின்னா."

"அப்புறம்?"

"ஒரு கையே போதுமா இருந்துச்சு."

மேஜை மீதிருந்த நீளக் கத்தரிக்கோலை ஆன்ட்டி எடுத்தாள். எழுந்தாள்.

"இப்ப நீயும் திரும்பு."

புதுமுகம் திரும்பினாள். சட்டையின் கீழ் விளிம்பைத் தூக்கிக் காட்டினாள்.

இடுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது!

"அது... ஷூட்டிங் ஆரம்பிக்கும்போதுதானே ஆன் பண்ணுவாங்க..."

"சவுண்ட் அண்ணன் இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆன் பண்ணிட்டார்."

புதுமுகத்தின் கண்ணில் இப்போது ஒரு சொட்டு நீர் இல்லை.

கதவு இடிபட்டது. இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது. இன்ஸ்பெக்டர். காதில் ஹெட்ஃபோன். கத்தரிக்கோல் கைமாறியது.

அவருக்குப் பின்னால் இன்னொரு ஹெட்ஃபோனோடு ஒரு முகம்.

ஊரெல்லாம் பலகையில் சிரிக்கும் முகம்.

"அவளை எதுக்குக் கேக்க வச்சே?" ஆன்ட்டியின் குரல் உடைந்தது.

"எங்கம்மாவுக்கு ஒரு பொண்ணு போச்சு ஆன்ட்டி. கணக்கு உங்களுக்கும் அதேதான். அந்த ஹெட்ஃபோனை யார் காதுல மாட்டணும்னு சொன்னது நான்தான்."

ஆன்ட்டி மகளிடம் கைகளை நீட்டினாள். உனக்காகத்தான்டி செஞ்சேன் என்றாள். ரெண்டு வருஷமா நீ சிரிக்கிறதைப் பார்க்கத்தான்டி உயிரோட இருக்கேன் என்றாள்.

மகள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். மேஜையில் வைத்தாள். அம்மாவை ஒரு தரம் பார்த்தாள்.

பிறகு திரும்பி நடந்தாள். வராந்தா... படிக்கட்டு... வாசல்...

கொளுத்தும் வெயிலில், பஸ்ஸும் காரும் கத்தும் தெருவில் இறங்கினாள். காலையில் அம்மா கையால் மாட்டிய ஆறு க்ளிப்பும் முதுகில் வரிசையாக மின்னின. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரு முனையில் மறைந்தாள்.

ஜன்னலோரம் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"முதுகுல க்ளிப்போட எந்தப் பொண்ணும் வெளிய போக மாட்டான்னு அடிச்சுச் சொன்னியேம்மா! உன்னை நம்பி கோர்ட்டுக்குப் போயிருந்தா, வக்கீல் அந்த ஆறையும் என் முதுகுல மாட்டி அனுப்பியிருப்பான்!"